கட்டுவதும் கட்டிவிடுவதும்

மாணவர்களே, இந்த வாரம் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். ஆங்கில வகுப்பில் இதைப் பார்த்திருப்பீர்கள். இயற்பியல் நூலிலும் செய்தித்தாளிலும் அது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அந்தச் சொல் 'ஃபேப்ரிகேட்'.

கீழே உள்ள இரண்டு வாக்கியங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஷி ஃபேப்ரிகேட்டட் த சென்சார்.

ஷி ஃபேப்ரிகேட்டட் த ரீடிங்ஸ்.

முதல் வாக்கியத்துக்கு, 'அவள் உணரியைச் செய்தாள்' என்று பொருள். அந்த மாணவிக்குக் கைதட்டல் கிடைக்கும். இரண்டாம் வாக்கியத்துக்கு, 'அவள் அளவீடுகளைப் பொய்யாக இட்டுக்கட்டினாள்' என்று பொருள். அந்த மாணவி தலைமையாசிரியர் அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும். வினை மாறவில்லை. செயப்படுபொருள் மட்டும் மாறியது. பாராட்டு குற்றச்சாட்டாகிவிட்டது.

அறிவியல் அறிக்கை எழுதும் மாணவர்கள் இந்தச் சொல்லில் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். 'முடிவுகளைத் தயாரித்தோம்' என்று எழுத நினைத்து, அகராதியில் 'தயாரி' என்ற பொருளைக் கண்டு, 'வி ஃபேப்ரிகேட்டட் த ரிசல்ட்ஸ்' என்று எழுதிவிடுவார்கள். படிக்கும் ஆசிரியருக்கு அது ஒப்புதல் வாக்குமூலம் போல இருக்கும்! ஆகவே, இந்தச் சொல்லுக்கு இரண்டு முகங்கள் எப்படி வந்தன, அறிவியலில் அவை எங்கே மோதிக்கொண்டன, உங்கள் பரிசோதனை மேசைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வரிசையாகப் பார்ப்போம்.

பட்டறையில் பிறந்த சொல்

லத்தீன் மொழியில் 'ஃபாபர்' என்றால் கொல்லர், தச்சர் போன்ற கைவினைஞர். அவர் வேலை செய்யும் பட்டறை 'ஃபாப்ரிகா'. அங்கே செய்யப்படும் வேலையைக் குறிக்கும் வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததே 'ஃபேப்ரிகேட்'. 15ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியபோது, 'செய்', 'கட்டு', 'உருவாக்கு' என்பவையே அதன் பொருள். பொய்யை உருவாக்குவது என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது.

இதே குடும்பத்தில் வேறு உறவினர்களும் உண்டு. துணியைக் குறிக்கும் 'ஃபேப்ரிக்' முதலில் கட்டடத்தையும் கட்டமைப்பையும் குறித்த சொல். ஜெர்மன் மொழியில் 'ஃபாப்ரிக்' என்றால் தொழிற்சாலை. டச்சு மொழி வழியாக அதே சொல் இந்தோனேசியாவுக்குப் போய் 'பாப்ரிக்' ஆயிற்று. இன்னோர் உறவினரைக் கேட்டால் வியப்பீர்கள்: 'ஃபோர்ஜ்'. கொல்லரின் உலைக்களத்தைக் குறிக்கும் இந்தச் சொல்லும் 'ஃபாப்ரிகா'விலிருந்துதான் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. இரும்பைக் காய்ச்சி அடிப்பதும் 'ஃபோர்ஜ்'. அடுத்தவர் கையெழுத்தைப் போலியாகப் போடுவதும் 'ஃபோர்ஜ்'. அக்காளும் தங்கையும் ஒரே வழியில் போயிருக்கிறார்கள்.

நம் மொழியிலும் உண்டு

இது ஆங்கிலத்தின் விநோதம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் பேசும் தமிழைக் கவனியுங்கள்.

வீடு கட்டுகிறோம், பாலம் கட்டுகிறோம், பூக் கட்டுகிறோம். அதே கையோடு 'கட்டுக்கதை' என்கிறோம். 'இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்லாதே' என்று பாட்டி அதட்டுவார். 'யாரோ கதை கட்டிவிட்டார்கள்' என்று அம்மா வருத்தப்படுவார். கயிறு திரிப்பது ஒரு தொழில். ஆனால், 'சும்மா கயிறு திரிக்காதே' என்றால் 'பொய் சொல்லாதே' என்று பொருள். மணமேடையைச் சோடிப்பது அழகு. வழக்கைச் சோடிப்பது அநியாயம்.

மலாய் மொழியிலும் இப்படித்தான். கீழ்நிலைப் படிவங்களில் 'ரெக்கா பெந்தோக் டான் தெக்னோலோகி' படிக்கிறீர்கள் அல்லவா? அங்கே 'ரெக்கா' என்பது வடிவமைப்பு. 'ரெக்கா சிப்தா' என்றால் புத்தாக்கம். ஆனால் ஒருவர் 'மெரெக்கா-ரெக்கா செரித்தா' என்றால், அவர் கதை அளக்கிறார் என்று பொருள்.

மூன்று மொழிகளிலும் ஒரே திருப்பம் ஏன் நடந்தது? ஒரு பொருளைச் செய்பவர், துண்டுகளைத் தேடி எடுக்கிறார், பொருத்துகிறார், பார்ப்பதற்கு முழுமையாகத் தோன்றும்படி முடிக்கிறார். பொய் சொல்பவரும் இதே வேலையைத்தான் செய்கிறார். நாள், இடம், ஆள் என்று துண்டுகளைப் பொருத்தி, நம்பும்படி முடிக்கிறார். திறமை ஒன்றுதான். அது எதில் செலவாகிறது என்பதில்தான் வேறுபாடு.

இங்கே 'புனை' என்ற தமிழ்ச் சொல்லையும் நினைவில் வையுங்கள். மாலை புனைவார்கள், கதை புனைவார்கள். புனைகதை எழுதும் எழுத்தாளரை யாரும் பொய்யர் என்று சொல்வதில்லை. ஏனென்றால், அட்டையிலேயே 'நாவல்' என்று போட்டுவிடுகிறார். ஆக, இல்லாததை உருவாக்குவது மட்டுமே குற்றமாகாது. உருவாக்கியதை 'நடந்தது' என்று சொல்வதே குற்றம். இந்த வேறுபாடு அறிவியலுக்கு மிக முக்கியம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

நல்ல முகம்: சில்லு பிறக்கும் இடம்

முதலில் இச்சொல்லின் நல்ல முகத்தைப் பார்ப்போம். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ், தெம்பனீஸ், பாசிர் ரிஸ் ஆகிய இடங்களில் 'வேஃபர் ஃபேப்' பூங்காக்கள் உள்ளன. கெடாவின் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலும் இத்தகைய ஆலைகள் இயங்குகின்றன. பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்துக்கு 1972ஆம் ஆண்டிலேயே மின்னணு நிறுவனங்கள் வரத் தொடங்கின. அங்கே பெரும்பாலும் சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் வேலை நடந்துவந்திருக்கிறது. 'ஃபேப்' என்ற சுருக்கம் 'ஃபேப்ரிகேஷன்' என்பதன் தலைப்பகுதிதான். உங்களில் சிலரின் அப்பாவோ அக்காவோ இத்தகைய ஆலைகளில் வேலை செய்யக்கூடும்.

அங்கே என்ன நடக்கிறது? குவார்ட்ஸ் மணலிலிருந்து கிடைக்கும் சிலிக்கனைத் தூய்மைப்படுத்தி, ஒரே படிகமாக நீள உருளை வடிவில் வளர்க்கிறார்கள். அதை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் தகடுகளாக அறுக்கிறார்கள். இன்றைய பெரிய தகடுகளின் விட்டம் 300 மில்லிமீட்டர். தகட்டின் மேல் ஒளிபட்டால் மாறும் பூச்சு ஒன்றைத் தடவுகிறார்கள். சுற்றின் வடிவம் பதித்த மறைப்பின் வழியாகப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் பூச்சு வேறுபடுகிறது. தேவையற்ற பகுதியை அரித்து நீக்குகிறார்கள். குறிப்பிட்ட இடங்களில் போரான், பாஸ்பரஸ் போன்ற அணுக்களைச் செலுத்துகிறார்கள். பிறகு உலோகக் கோடுகளைப் படியவைக்கிறார்கள். மறுபடியும் பூச்சு, ஒளி, அரிப்பு. இப்படி நூற்றுக்கணக்கான படிகள். ஒரு தகடு முடிந்து வெளியே வர இரண்டு, மூன்று மாதங்கள்கூட ஆகலாம்.

ஒவ்வொரு முக்கியப் படிக்குப் பின்னும் அளவெடுத்துப் பதிவு செய்கிறார்கள். பூச்சின் தடிமன் சரியில்லை என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். 'சரியாகத்தான் இருக்கும்' என்று ஒருவர் எண்ணைத் தானே நிரப்பினால் என்ன ஆகும்? அடுத்தடுத்த படிகளில் மற்றவர்கள் வாரக்கணக்கில் உழைத்த பிறகு, கடைசிச் சோதனையில் சில்லு இயங்காது. பொருளைச் செய்வதற்கு உண்மையான அளவு தேவை. முதல் 'ஃபேப்ரிகேட்' நடக்க வேண்டுமானால் இரண்டாவது 'ஃபேப்ரிகேட்' நடக்கக் கூடாது.

கெட்ட முகம்: பாபேஜ் எழுதிய பட்டியல்

கணினியின் முன்னோடி என்று நீங்கள் அறிந்த சார்லஸ் பாபேஜ், 1830ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அறிவியல் நிலையைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவதானிப்புகளில் நடக்கும் ஏமாற்றுகளை வகைப்படுத்தினார். அவற்றுள் மூன்று உங்களுக்குப் பயன்படும். மூன்றுக்கும் அவர் வைத்த பெயர் கைத்தொழில் சொற்கள்தாம்.

முதலாவது 'ஃபோர்ஜிங்', கொல்லர் வேலை. ஒருபோதும் எடுக்காத அளவீட்டை எடுத்ததாக எழுதுவது.

இரண்டாவது 'டிரிம்மிங்', கத்தரித்துச் சீராக்கும் வேலை. சராசரியிலிருந்து மிகவும் கூடுதலாக இருக்கும் எண்ணில் கொஞ்சம் வெட்டி, மிகவும் குறைவாக இருக்கும் எண்ணில் ஒட்டுவது. சராசரி மாறாது. ஆனால், அளவெடுத்தவர் மிகத் துல்லியமானவர் என்ற பொய்ப்பெயர் கிடைக்கும்.

மூன்றாவது 'குக்கிங்', சமையல் வேலை. ஏராளமாக அளந்துவிட்டு, தமக்குப் பிடித்த முடிவுக்கு ஒத்துவரும் எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பரிமாறுவது.

இன்று அமெரிக்க அரசின் விதிமுறை இவற்றைச் சற்று வேறாகப் பிரிக்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான அந்த விதிமுறைப்படி ஆய்வு முறைகேடு மூன்று வகை. இல்லாத தரவை உருவாக்கிப் பதிவு செய்வது 'ஃபேப்ரிகேஷன்'. கருவியையோ தரவையோ திரிப்பதும், சிலவற்றை மறைப்பதும் 'ஃபால்சிஃபிகேஷன்'. பிறர் கருத்தையும் எழுத்தையும் தமதாகக் காட்டுவது 'பிளேஜியரிசம்'. நேர்மையாக நேர்ந்த பிழை இவற்றுள் சேராது என்றும் அந்த விதிமுறை தெளிவாகச் சொல்கிறது. தவறு செய்வது வேறு, பொய் செய்வது வேறு.

இரண்டு பொருளும் ஒரே இடத்தில் மோதிய கதை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ளது பெல் ஆய்வுக்கூடம். 1947ஆம் ஆண்டில் டிரான்சிஸ்டர் பிறந்தது அங்கேதான். அந்தப் புகழ்பெற்ற கூடத்தில் 1990களின் பிற்பகுதியில் யான் ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளம் ஜெர்மானிய இயற்பியலாளர் சேர்ந்தார். கரிமப் படிகங்களைக் கொண்டு நுண்ணிய மின்னணுக் கருவிகளை உருவாக்குவது அவர் வேலை. அதாவது, 'ஃபேப்ரிகேட்' செய்வதே அவர் தொழில்.

அவர் வெளியிட்ட முடிவுகள் உலகை வியக்கவைத்தன. ஒற்றை மூலக்கூறு அடுக்கால் ஆன டிரான்சிஸ்டரைச் செய்ததாக அறிவித்தார். கால்பந்து வடிவிலான கார்பன் 60 மூலக்கூறுகளின் படிகம், 117 கெல்வினில் மீகடத்தியாக மாறியதாகவும் எழுதினார். 2001ஆம் ஆண்டில் சராசரியாக எட்டு நாள்களுக்கு ஒரு கட்டுரையில் அவர் பெயர் இருந்தது. 'நேச்சர்', 'சயன்ஸ்' ஆகிய உயர்ந்த இதழ்களில் அவை அடுத்தடுத்து வந்தன. நோபல் பரிசு பற்றியும் சிலர் பேசத் தொடங்கினார்கள்.

ஆனால், ஒரு சிக்கல். உலகின் பல ஆய்வுக்கூடங்கள் அதே கருவிகளைச் செய்து பார்த்தன. எதுவும் இயங்கவில்லை. 'நமக்குத்தான் கைத்திறன் போதவில்லை' என்று பலர் தங்களையே நொந்துகொண்டார்கள். முனைவர் பட்ட மாணவர்கள் மாதக்கணக்கில் உழைத்து வெறுங்கையோடு நின்றார்கள்.

2002ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் லிடியா ஸோன், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பால் மக்யூவன் ஆகியோர் ஷோனின் வரைபடங்களை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். வெவ்வேறு பரிசோதனைகள் என்று சொல்லப்பட்ட வரைபடங்களில் இரைச்சல் ஒரே மாதிரி இருந்தது!

இரைச்சல் என்றால் என்ன? எந்தக் கருவியில் அளந்தாலும் எண்கள் சற்றே மேலும் கீழும் நடுங்கும். வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் அலைவதும், மின்வழங்கியின் சிறு ஏற்றத்தாழ்வும் அதற்குக் காரணமாகலாம். அந்த நடுக்கம் தற்செயலானது. அதனால், ஒரே கருவியில் ஒரே அளவை இருமுறை எடுத்தாலும் நடுக்கம் அச்சு அசலாகத் திரும்ப வராது. வெவ்வேறு கருவியிலும் வெவ்வேறு வெப்பநிலையிலும் திரும்ப வர வாய்ப்பே இல்லை. ஷோனின் வரைபடங்களில் அது திரும்பத் திரும்ப வந்திருந்தது. தவறான படத்தை அனுப்பிவிட்டேன் என்று அவர் முதலில் விளக்கம் சொன்னார். பிறகு மேலும் பல கட்டுரைகளில் அதே நிலை தெரிந்தது.

பெல் ஆய்வுக்கூடம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மால்கம் பீஸ்லி தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. குழு மூல ஆய்வுக் குறிப்பேட்டைக் கேட்டது. முறையான குறிப்பேடு இல்லை. கணினிக் கோப்புகளைக் கேட்டது. வட்டில் இடம் போதாமல் அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. செய்த கருவிகளைக் கேட்டது. அவை சேதமடைந்தன அல்லது தூக்கியெறியப்பட்டன என்று பதில் வந்தது. கட்டிய பொருள் ஒன்றுகூடக் கையில் இல்லை. கட்டிய வரைபடங்கள் மட்டும் இருந்தன.

2002ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிக்கை வெளியானது. ஒரு பரிசோதனையின் தரவை வேறொன்றின் தரவாகக் காட்டியது, நம்ப முடியாத துல்லியம், அறியப்பட்ட இயற்பியலுக்கு முரணான முடிவுகள் என்று மூன்று தலைப்புகளில் குழு குறைகளைத் தொகுத்தது. 16 குற்றச்சாட்டுகளில் முறைகேடு உறுதியானது. சில வளைகோடுகள் கருவியிலிருந்து வரவில்லை. கணிதச் சூத்திரத்திலிருந்து வந்திருந்தன. தாம் தவறுகள் செய்ததை ஷோன் ஒப்புக்கொண்டார். ஆனால், தாம் கண்ட விளைவுகள் உண்மையானவை என்றே சொன்னார். உடன் எழுதியவர்கள் முறைகேடு செய்யவில்லை என்று குழு முடிவுசெய்தது. ஷோன் பணிநீக்கம் செய்யப்பட்டார். இதழ்கள் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. அவர் பட்டம் பெற்ற கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் 2004ஆம் ஆண்டில் முனைவர் பட்டத்தைப் பறித்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 2013ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் முடிவு செல்லும் என்றது.

சூத்திரத்திலிருந்து வளைகோடு வரைவதே தவறா? இல்லை. கணினியில் போலச்செய்து பார்ப்பது அறிவியலின் அன்றாட வேலை. 'இது கணக்கிட்டு வரைந்தது' என்று அடியில் எழுதினால் போதும். 'நாவல்' என்று அட்டையில் போடுவது போல. அதை 'அளந்தது' என்று எழுதும்போதுதான் புனைவு பொய்யாகிறது.

செய்து பாருங்கள்: நாணயச் சோதனை

பொய்த் தரவை உருவாக்குவது எளிது என்று நினைக்கிறீர்களா? இரண்டு குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு குழு நாணயத்தை 100 முறை சுண்டி, தலையா பூவா என்று வரிசையாக எழுதட்டும். மற்றொரு குழு நாணயத்தைத் தொடாமல், மனத்துக்குத் தோன்றியபடி 100 முடிவுகளை எழுதட்டும். தாள்களை ஆசிரியரிடம் கொடுங்கள். எது எந்தக் குழுவின் தாள் என்று சொல்லக் கூடாது.

ஆசிரியர் பெரும்பாலும் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார். இரகசியம் இதுதான். உண்மையாக 100 முறை சுண்டினால், ஐந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து ஒரே முகம் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 97 விழுக்காடு. மனத்தால் எழுதுபவர்கள் 'தலை, தலை, தலை' என்று மூன்று எழுதியதுமே, 'இது தற்செயல் போல இல்லையே' என்று நினைத்துப் பூவுக்கு மாறிவிடுவார்கள். ஆகவே, நீண்ட தொடர் இல்லாத தாளில்தான் சந்தேகம் விழும். தற்செயலை நடித்துக் காட்டுவது மனித மனத்துக்கு மிகக் கடினம். ஷோன் அதை நடிக்கவில்லை, ஏற்கெனவே இருந்த நடுக்கத்தையே மீண்டும் பயன்படுத்தினார். அதுவே அவரைக் காட்டிக்கொடுத்தது.

உங்கள் மேசையில்

இப்போது உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். 50 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசலை ஆடவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை மூன்று முறை அளக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிடைத்தவை 28.5 வினாடி, 27.0 வினாடி, 28.3 வினாடி. மணி அடிக்கப் பத்து நிமிடமே உள்ளது. பக்கத்தில் இருக்கும் நண்பர், '27.0 என்பதை 28.4 என்று மாற்றிவிடு. யாருக்குத் தெரியும்?' என்கிறார்.

மாற்றினால் அட்டவணை அழகாக இருக்கும். மதிப்பெண்ணும் கிடைக்கலாம். ஆனால், அந்த 27.0 உங்களிடம் ஒன்று சொல்ல வந்திருக்கிறது. கேட்டுப் பாருங்கள். மற்ற இரண்டின் சராசரி 28.4. அதிலிருந்து 27.0 ஐக் கழித்தால் 1.4 வினாடி. ஓர் அலைவுக்கு ஆகும் நேரம் என்ன? 28.4 ஐ 20 ஆல் வகுத்தால் 1.42 வினாடி. அப்படியானால், இரண்டாம் முறை ஓர் அலைவு குறைவாக எண்ணப்பட்டிருக்க வேண்டும்!

எப்படி? குண்டை விடும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். அப்படி எண்ணினால் 'இருபது' என்று சொல்லும்போது 19 அலைவுகளே முடிந்திருக்கும். குண்டை விடும்போது 'சுழியம்' என்று சொல்லித் தொடங்க வேண்டும். இது ஊசல் சோதனையில் அடிக்கடி நடக்கும் பிழை.

மூன்று எண்களையும் அப்படியே சராசரி எடுத்தால் 27.93 வினாடி. அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் 10.1 மீட்டர்/வினாடி² என்று வரும். எண்ணும் முறையைத் திருத்தி, மறுபடி அளந்து 28.4 கிடைத்தால் 9.79 என்று வரும். எண்ணை மாற்றிய மாணவருக்கும் 9.79 தான் வரும். ஆனால், பிழை எங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த சோதனையிலும் 'ஒன்று' என்றுதான் தொடங்குவார்.

ஆகவே, ஒத்துவராத எண் கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில், அதை எழுதுங்கள். அழிப்பானைத் தொடாதீர்கள். இரண்டாவதாக, காரணம் தேடுங்கள். மூன்றாவதாக, மீண்டும் அளந்து அந்த எண்ணையும் எழுதுங்கள். நான்காவதாக, பழைய எண்ணைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, ஏன் சேர்க்கவில்லை என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். காரணம் கிடைக்கவில்லையா? 'பிடிக்கவில்லை' என்பதற்காக ஓர் எண்ணை நீக்கக் கூடாது. அதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அப்படி எழுதும் அறிக்கை சற்று அழுக்காகத்தான் இருக்கும். அது உழைத்த கையின் அழுக்கு.

'டேட்டா' என்ற சொல்லும் லத்தீனிலிருந்து வந்ததே. அதன் பொருள் 'கொடுக்கப்பட்டவை'. தமிழில் நாம் 'தரவு' என்கிறோம். அதுவும் 'தா', 'தரு' என்ற வேரிலிருந்து வந்தது. இயற்கை தருவதுதான் தரவு. கருவியை நீங்கள் செய்யலாம். கேள்வியை நீங்கள் உருவாக்கலாம். விளக்கத்தையும் நீங்கள் கட்டலாம். தரவை மட்டும் நீங்கள் பெற்றுக்கொள்ள வேண்டும்.

எழுதும்போது கவனிக்க

இனி, மொழிப் பயிற்சி. இந்த வினையைப் பயன்படுத்தும் முன் அதன் செயப்படுபொருளைப் பாருங்கள்.

கையால் தொடக்கூடிய பொருள் வந்தால் பொருள் நல்லது: சில்லு, எஃகுச் சட்டம், உணரி, செயற்கைப் பல். சொல்லோ எண்ணோ வந்தால் பொருள் கெட்டது: கதை, சாக்கு, சாட்சியம், தரவு, அளவீடு, மேற்கோள்.

'பிரிஃபேப்ரிகேட்டட்' என்ற நீண்ட வடிவம், ஆலையில் முன்கூட்டியே பாகங்களாகச் செய்து கட்டுமிடத்துக்குக் கொண்டுவரும் கட்டடத்துக்கு உரியது. 'ஃபேப்' என்ற குறுகிய வடிவம் சில்லு ஆலைக்கு உரியது. இவை இரண்டிலும் அச்சமில்லை. 'ஃபேப்ரிகேஷன்' என்ற பெயர்ச்சொல்தான் இரு பக்கமும் சாயும். கடைப் பெயர்ப் பலகையில் இருந்தால் பற்றவைக்கும் பட்டறை. நீதிமன்றச் செய்தியில் இருந்தால் பொய்.

'ரிசல்ட்', 'ரிப்போர்ட்', 'சாம்பிள்' ஆகிய சொற்களுக்கு அருகில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஒரு மாதிரிப்பொருளை நீங்களே செய்திருந்தால் 'ஃபேப்ரிகேட்டட் த சாம்பிள்' சரிதான். ஆனால், முடிவை 'ஆப்டெய்ன்' செய்யுங்கள், அட்டவணையை 'பிரிப்பேர்' செய்யுங்கள், வரைபடத்தை 'பிளாட்' செய்யுங்கள், அறிக்கையை 'ரைட்' செய்யுங்கள். இவற்றில் எதற்கும் 'ஃபேப்ரிகேட்' வேண்டாம்.

பயிற்சி

கீழே உள்ள ஒவ்வொன்றிலும் 'ஃபேப்ரிகேட்' வந்தால் அது கட்டுவதா, கட்டிவிடுவதா?

1. கப்பல் பட்டறையில் எஃகுத் தகடுகளைக் கொண்டு ஒரு தொட்டி.
2. வீட்டுப்பாடம் செய்யாததற்கு ஒரு காரணம்.
3. வெப்பநிலையை அளக்காமலே நிரப்பிய அட்டவணை.
4. முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்த செயற்கைக் கை.
5. கணினியில் கணக்கிட்டு, 'கணக்கிட்டது' என்று குறிப்பிட்ட வளைகோடு.

விடைகள்: 1, 4 கட்டுவது. 2, 3 கட்டிவிடுவது. ஐந்தாவதில் பொய் இல்லை. ஆனால், அங்கே 'ஃபேப்ரிகேட்' என்று எழுதினால் படிப்பவர் தவறாக நினைப்பார். 'கேல்குலேட்டட்' அல்லது 'சிமுலேட்டட்' என்று எழுதுங்கள்.

மேலும் ஒரு வேலை. உங்கள் பழைய ஆய்வுக் குறிப்பேட்டைப் புரட்டுங்கள். மிக அழகாக ஒத்துப்போகும் அட்டவணை ஒன்று அதில் இருந்தால், அது எப்படி வந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பதிலை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை நிறுத்துகடிகாரத்தை எடுக்கும்போது 'சுழியம்' என்று எண்ணத் தொடங்குங்கள், அது போதும்.